சிகரெட்டை விட்ட பிறகு எனக்கு ஏன் அதிகமாக மூச்சு வாங்கியது?

2021 மார்கழியில் என் மனைவியின் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஏற்காட்டில் காலமானார். எண்பத்தெட்டு வயது, கல்யாணச் சாவு என்று சொல்வார்களே, அப்படி. மாமனார் வீடு நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து இடுகாடு அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் முழுக்க ஏற்றம், காபிச் செடிகளுக்கு நடுவே போகிற மண்பாதை, ராத்திரி பெய்த பனியில் ஊறிப்போய் வழுக்கிக்கொண்டிருந்தது. பாடைக்கு முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். முப்பது, நாற்பது அடி போயிருப்பேன். நெஞ்சுக்குள் துணியைத் திணித்த மாதிரி ஆகிவிட்டது. புதுக்காற்று உள்ளே போக இடமில்லை, ஏனென்றால் பழைய காற்று வெளியே வர மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த பையன், மனைவிக்குச் சித்தப்பா மகன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, இப்படிக் கொடுங்க” என்று தோளை மாற்றிக்கொண்டான்.

பாதையோரம் ஒரு பலா மரம், அதன் அடியில் ஒரு கல். அதில் உட்கார்ந்துவிட்டேன். ஊர்வலம் முழுக்க என்னைக் கடந்து மேலே போனது. எழுபத்திமூன்று வயது மாமனார், எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து மலையிலேயே நடந்து பழகியவர், மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ‘வயசாகுது, எடை கூடிப்போச்சு’ என்று அதுவரைக்கும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது செல்லுபடியாகவில்லை.

சிகரெட் பழகிய கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் ஆரம்பித்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்து அச்சகம், கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும்தான் பிரதானம். முகூர்த்த சீசனில் ராத்திரி இரண்டு மணிவரை மிஷின் ஓடும், விழித்திருக்க டீயும் சிகரெட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து. 2008 அக்டோபர் 2ஆம் தேதி பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தபோது பேக்கரிக்கு உள்ளே நின்று பிடித்ததை வெளியே நின்று பிடித்தோம், அவ்வளவுதான் மாற்றம். 2016இலிருந்து பாக்கெட்டின் 85 சதவீத இடத்துக்கு அந்த எச்சரிக்கைப் படம் வந்தது, என் கண் அதற்கும் பழகிவிட்டது.

2022 பொங்கல் முடிந்த திங்கட்கிழமை, ஜனவரி 17, விட்டேன்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். சிகரெட்டை விட்டால் என்ன நல்லது நடக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 20 நிமிஷத்தில் இதயத் துடிப்பு குறையும், ஒரு நாளில் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வெளியேறும், சில மாதங்களில் இருமல் குறையும். எல்லாம் உண்மை. ஆனால் இரண்டாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் நடுவில் உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. அதைத் தெரியாமல் போனதால்தான் நான் திரும்பவும் பிடித்தேன். என்னைப் போல எத்தனை பேர் அந்த இடத்தில் வழுக்கினார்களோ என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் மோசம் என்று கேள்விப்பட்டிருந்தேன், அப்படியே இருந்தது. கோபம், தலைபாரம், கைக்கு வேலையில்லாத தவிப்பு, மலச்சிக்கல். ஆனால் தவிப்பு ஒவ்வொன்றும் அலை மாதிரி வந்து சில நிமிஷத்தில் இறங்கிவிடும் என்று சொன்னது சரியாகவே இருந்தது. இறங்குகிறவரை பைண்டிங் மேசையில் போய் நின்று அச்சடித்த தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரியாமல் போனது காபி. ஏற்காட்டு வீட்டிலிருந்து வரும் கொட்டையை வறுத்து அரைத்த பொடி, ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் குடிப்பேன், அத்தனை வருஷமும் ஒன்றும் செய்ததில்லை. விட்ட முதல் வாரத்தில் அதே ஐந்து டம்ளர் என்னைப் படுத்தி எடுத்தது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ராத்திரி ஒரு மணிக்கு முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: சிகரெட் புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபீனை வேகவேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். குடிப்பது அதே காபிதான், ரத்தத்தில் தங்குவது மட்டும் முன்னைவிட நிறைய. அந்தப் படபடப்பை நான் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்தேன், மூச்சு சரியில்லாததால் வருகிறது என்றும் பயந்தேன். காபியை இரண்டாகக் குறைத்ததும் பாதி பயம் போனது. விடப்போகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். காபிக்கும் டீக்கும் பேர்போன நம் ஊரில் இதை ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சிகரெட் தவிப்பை அடக்க விற்கிற நிகோட்டின் சூயிங்கத்தையும் தப்பாகத்தான் தின்றேன். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் வாங்கி, சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மென்றேன், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். அதை மெதுவாக மென்று, வாயில் சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் குறைந்ததும் திரும்ப மெல்ல வேண்டும். நிகோட்டின் வாய்த் தோல் வழியாக உள்ளே போகிற பொருள். காபி குடித்த உடனே போட்டால் வாயில் இருக்கும் புளிப்பு அதை உள்ளே விடாது, கால் மணி நேரம் இடைவெளி வேண்டும்.

சரி, மூச்சுக்கு வருகிறேன்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ இருமல் ஆரம்பித்தது. சிகரெட் பிடித்த காலத்தில் காலையில் எழுந்ததும் நாலு இருமல் இருமுவேன், அதோடு சரி. இது அப்படியில்லை. குடம் குடமாகச் சளி, முதலில் பழுப்பாக, சில நாள் கறுப்புப் புள்ளிகளோடு. படுத்தால் நெஞ்சில் கர்கர் என்று சத்தம். அச்சகத்தின் மாடிப்படி பதினெட்டுதான், அதில் ஏற நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. புகைத்துக்கொண்டிருந்த காலத்தில் நிற்காமல் ஏறிய படி அது. 2022 ஜனவரி கடைசி என்றால் கொரோனா மூன்றாவது அலை உச்சத்தில் இருந்த நேரம், நான் இருமினால் கடைக்கு வந்தவர்கள் தெருவுக்கே போய்விடுவார்கள். இரண்டு தடவை டெஸ்ட் எடுத்தேன், இரண்டும் நெகட்டிவ். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் என்னிடம் புகைப்பீர்களா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் இருமல் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். சளியை வெளியே தள்ள உடம்பு முயன்றுகொண்டிருந்த நேரத்தில் இருமலை அடக்கும் டானிக்கைக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

பத்தொன்பதாவது நாள் ராத்திரி. வேலை முடிந்து ஷட்டரை இறக்கிவிட்டு நின்றிருந்தோம். எங்கள் மிஷின்மேன், என்னைவிட மூத்தவர், என் மேல் உண்மையிலேயே அக்கறை உள்ளவர், “இத்தன வருசம் பழகின உடம்புங்க மொதலாளி, திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் கேக்கும். ஒண்ணே ஒண்ணு இழுங்க, சளி கட்டிக்கும்” என்றார். இழுத்தேன். சொன்ன மாதிரியே ஆனது. பத்து நிமிஷத்தில் நெஞ்சு இளகியது, அன்றைக்கு ராத்திரி இருமல் குறைவு, நன்றாகத் தூங்கினேன். என் உடம்புக்குச் சிகரெட்தான் மருந்து என்று நம்பிக்கொண்டு அடுத்த பன்னிரண்டு நாள் தினம் நாலு, ஐந்து என்று பிடித்தேன். இருபத்தேழு வருஷத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்தப் பன்னிரண்டு நாள்தான், ஏனென்றால் பத்தொன்பது நாள் பட்ட பாட்டை ஒரு தப்பான நம்பிக்கைக்காகக் கொடுத்துவிட்டேன்.

அந்த இளகல் ஏன் வந்தது என்று மார்ச் மாதம் நுரையீரல் மருத்துவர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன, சிலியா என்று பெயர். வயலில் நெற்பயிர் காற்றுக்கு ஒரே பக்கம் சாய்கிற மாதிரி எல்லாம் சேர்ந்து அசைந்து, தூசியோடு சேர்ந்த சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு மேலே தள்ளிவிடும். சிகரெட் புகை அவற்றை மரத்துப்போக வைக்கிறது, நாளடைவில் நிறைய உதிர்ந்தும் போகின்றன. சளி அப்படியே கிடக்கும். புகையை நிறுத்தினால் சில வாரங்களில் அவை மறுபடி முளைத்து வேலைக்கு வரும், வந்ததும் வருஷக்கணக்கில் கிடந்ததைத் தள்ள ஆரம்பிக்கும். அதுதான் அந்த இருமல். நான் அன்றைக்குப் பிடித்த ஒரு சிகரெட் அவற்றை மறுபடி மரத்துப்போக வைத்தது, இருமல் நின்றது. கூடவே நிகோட்டின் பத்து விநாடிக்குள் மூளைக்குப் போய்த் தவிப்பை அடக்கியது, பதற்றத்தில் மேலோட்டமாக ஓடிய மூச்சு நிதானமானது. நோய் குறைந்த மாதிரி இருந்தது, உள்ளே எதுவும் குறையவில்லை.

எனக்கு உடனே மூக்கனேரி ஞாபகம் வந்தது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து கன்னங்குறிச்சி மூக்கனேரியைத் தூர்வாரிச் சீர் செய்தார்கள், அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுத் தீவாகக் கொட்டி மரம் நட்டார்கள், இன்றைக்கு அதில் பறவைகள் தங்குகின்றன. எந்த ஏரியைத் தூர்வாரினாலும் முதலில் தண்ணீர் முன்னைவிடக் கலங்கத்தான் செய்யும். அந்தக் கலங்கலைப் பார்த்துவிட்டுத் தூர்வாருவதை நிறுத்து என்று சொன்னது என் பன்னிரண்டு நாள்.

இந்த இருமல் எல்லாருக்கும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும், சிலருக்குச் சில வாரம், எனக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம். ஆனால் சளியில் ரத்தம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, ‘விட்டதால்தான் இப்படி’ என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை விடுவதற்குப் பாக்கெட்டில் இருந்த நம்பருக்குத்தான் போன் செய்தேன். 1800-11-2356, காசு கிடையாது, தமிழிலும் பேசுகிறார்கள். பேசிய பெண் திட்டவில்லை. “பத்தொன்பது நாள் இருந்திருக்கீங்களே, அந்த பத்தொன்பதாவது நாள் என்ன நடந்ததுன்னு சொல்லுங்க” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னபோதுதான் நான் ஆசைக்காகப் பிடிக்கவில்லை, இருமலுக்குப் பயந்து பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெளிவானது. பிப்ரவரி 17. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

மருத்துவர் ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொன்னார். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் மொத்தத்தையும் வேகமாக ஊத வேண்டும். தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் பக்கத்தில் நிற்பவர் “ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு” என்று விரட்டுவார். மூன்று தடவை. அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, திரும்ப மூன்று தடவை. பார்ப்பது என்னவென்றால், மொத்தம் ஊதுகிற காற்றில் எவ்வளவு முதல் ஒரு விநாடிக்குள் வெளியே வருகிறது என்பதை. மருந்துக்குப் பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் நிரந்தர அடைப்பு இருக்கிறது. நான் ஊதியது 3.3 லிட்டர், முதல் விநாடியில் வந்தது 2.1. அதாவது 64 சதவீதம். என் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் விநாடியில் 3.1 லிட்டர் வந்திருக்க வேண்டும் என்றது மிஷின். சிஓபிடி என்று எழுதினார்கள், நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு.

“போன மூச்சு திரும்ப வருமா டாக்டர்?” என்றுதான் கேட்டேன். அவர் பூசி மெழுகாமல் சொன்னார். நுரையீரலில் 30 கோடிக்கு மேல் காற்றுப்பைகள் இருக்கின்றன, புகையில் சிதைந்த பைகள் திரும்ப முளைக்காது. குழாய்களின் வீக்கம் குறையும், சளி குறையும், அதனால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. முப்பது வயதுக்கு மேல் எல்லாருக்குமே நுரையீரலின் ஊதும் சக்தி வருஷத்துக்கு 25, 30 மில்லி குறைந்துகொண்டே வரும், புகைப்பவர்களில் அது ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு இது இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் போகும். 1977இல் ஃபிளெட்சரும் பீட்டோவும் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை திரும்பத் திரும்ப உறுதியானது, விட்டவருக்கு இழந்தது வராவிட்டாலும் இறங்குகிற வேகம் மற்றவர்களைப் போலவே ஆகிவிடுகிறது என்பது. ஏற்காடு மலையிலிருந்து வண்டியில் இறங்கிப் பழகியவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. எட்டாவது வளைவில் பிரேக் பிடித்தால் வண்டி மேலே இருக்கும் இருபதாவது வளைவுக்குத் திரும்பப் போகாது, ஆனால் அடிவாரத்துக்குப் போய் மோதவும் மோதாது.

அன்றைக்கு ராத்திரி இன்னொன்றையும் தேடிப் படித்தேன். பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951இலிருந்து ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து, 2004இல் ரிச்சர்ட் டாலும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை. புகைப்பவர் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழக்கிறார். 40 வயதில் விட்டால் அதில் ஒன்பது வருஷம் திரும்பக் கிடைக்கிறது, 50இல் விட்டால் ஆறு, 60இல் விட்டால்கூட மூன்று. நாற்பத்தாறு வயதில் நான் எங்கே நிற்கிறேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தூங்கினேன்.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், தினம் ஒரு வேளை குழாயை விரித்துவைக்க ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் பயம். ‘அது பழகிட்டா அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது, கடைசிக் கட்டத்துக்குத்தான் அதெல்லாம்’ என்று அக்கா அழுதே விட்டாள். மாத்திரை என்றால் ரத்தம் முழுக்கச் சுற்றிவர வேண்டும், இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது, அடிமைப்படுத்தும் பொருள் எதுவும் அதில் இல்லை. இருபத்தேழு வருஷம் தினம் பதினைந்து தடவை நிஜமாகவே அடிமைப்படுத்தும் ஒன்றை உள்ளே இழுத்தபோது அக்கா இப்படி அழவில்லையே என்று நினைத்துக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை.

பிசியோதெரபியில் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதில் மூச்சு விடப் படிப்பதா என்று இருந்தது, ஆனால் எனக்கு மருந்துக்குச் சமமாக உதவியது இதுதான். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழு, உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விடு. அடைப்பு உள்ளவருக்குப் பிரச்சனை காற்று உள்ளே போவது அல்ல, வெளியே வருவதுதான். வேகமாக விட்டால் பலவீனமான சின்னக் குழாய்கள் பாதியிலேயே மூடிக்கொள்ளும், காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். உதட்டைக் குவித்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி அந்தக் குழாய்கள் திறந்திருக்கும். பாடை தூக்கிய அன்றைக்குப் பழைய காற்று வெளியே வர மாட்டேன் என்றதே, அதற்கு மருந்து இதுதான்.

அங்கே சொல்லிக்கொடுத்த வாசகம், “பூவை முகருங்க, விளக்கை ஊதி அணைங்க.” ஏற்காட்டில் வாசலில் உட்கார்ந்து நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது மாமியார் கேட்டுவிட்டு, “விளக்கை வாயால ஊதி அணைக்கலாமாங்க மாப்ள? என்ன படிச்சவங்களோ” என்றார். சரி, வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். “அடுப்பு ஊதறாப்புல இருக்குதுன்னு சொல்லுங்க” என்று சமையலறையிலிருந்து ஊதாங்குழலை எடுத்துவந்து, உதட்டைக் குவித்து நீளமாக ஊதிக் காட்டினார். நான் இரண்டு வாரமாகப் பழகியதை அவர் முதல் தடவையிலேயே அவ்வளவு அழகாகச் செய்தார். ஊதி முடித்ததும் இருமினார், ரொம்ப நேரம் இருமினார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நடையைச் சொல்ல வேண்டும். முதலில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடுவரை, ஏப்ரலில் ஏற்காடு அடிவாரம்வரை. மே மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிகள் வருவதற்கு முன், மலைப்பாதையிலேயே ஏற ஆரம்பித்தேன். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். முதல் வளைவுக்குப் போவதற்கே மூன்று முறை நின்றேன். போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நிற்பது, அவ்வளவுதான் இலக்கு. மூச்சு வாங்கினால் பயந்து நிறுத்திவிடத்தான் தோன்றும், ஆனால் நடக்காமல் இருந்தால் தொடைத் தசை சுருங்கி, அதே வேலைக்கு இன்னும் அதிகக் காற்றைக் கேட்கும், அது மூச்சை இன்னும் வாங்க வைக்கும். மழைக்காலம் வருவதற்குள் நாலு வளைவு ஏறினேன், குரங்குகளுக்குக்கூட என்னைத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் ‘மலைக்காத்து நல்லது, ஏற்காட்டுலயே போய் இரு’ என்றார்கள். நல்லதுதான், செவ்வாய்ப்பேட்டைத் தூசியும் லாரிப் புகையும் அங்கே இல்லை. ஆனால் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் சேலத்தில் 97 காட்டும், ஏற்காட்டில் 94. முதல் தடவை பார்த்துவிட்டு ராத்திரியே கீழே இறங்கிவிடலாமா என்று பதறினேன். அந்தக் கருவிக்கே ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே இருக்கும், உயரத்துக்குக் கொஞ்சம் இறங்குவது இயல்பு, எண்ணைவிட உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்றார் மருத்துவர். மார்கழிப் பனிக்காற்று இன்னொரு விஷயம், குளிர்ந்த காற்று பட்டதும் குழாய் இறுகும். மப்ளரை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

2022 மார்கழியில் அம்மாயிக்கு வருஷத் திதி. அதே பாதை, அதே பனி. நான் மெதுவாக, மூச்சை எண்ணிக்கொண்டே ஏறினேன். பலா மரம்வரை நிற்கவில்லை. அங்கே நிற்கலாம் என்று வந்தால் கல்லில் மாமியார் உட்கார்ந்திருந்தார். கையை முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, தோள்பட்டை மேலே ஏறி இறங்க. அந்த உட்காரல் எனக்கு நன்றாகத் தெரிந்த உட்காரல்.

“எளப்பா இருக்குதுங்களா அத்தை?”

“வயசாச்சில்ல” என்றார். ஒரு நாலு மூச்சு கழித்து, “எப்பவும் இருக்கறதுதான்.”

டெஸ்ட்டுக்கு வாங்க என்றேன். “எனக்கென்னங்க மாப்ள, நான் பீடி குடிச்சனா, சிகரெட்டு குடிச்சனா?”

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஐம்பது வருஷம், ஜன்னல் ஒன்றே ஒன்று இருக்கிற சமையலறையில், கவாத்து வெட்டிய காபிக் கொம்பையும் சில்வர் ஓக் கிளையையும் எரித்து, ஈர விறகாக இருந்தால் முகத்தை அடுப்புக்குக் கிட்டே கொண்டுபோய் ஊதி ஊதி எரியவைத்தவர் அவர். விறகுப் புகையும் புகைதான். சிகரெட்டையே தொடாத எத்தனையோ பெண்களுக்குச் சிஓபிடி வருவது நம் நாட்டில் இந்த அடுப்பால்தான். வீட்டில் காஸ் இருக்கிறது, ஆனால் வெந்நீருக்கும் சோற்றுக்கும் குழம்புக்கும் விறகு, காஸ் காபி போட மட்டும். வருஷக்கணக்காக அந்தச் சமையலறை வாசலில் நின்று சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவன், அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், எனக்கு ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. நான் வெளியே போய் என் காசில் வாங்கிய நோயை அவர் எங்களுக்குச் சமைத்து வாங்கியிருக்கிறார்.

தை பிறந்ததும் சேலத்துக்குக் கூட்டி வந்தேன், என் ஒரு வருஷப் பரிசோதனைக்கும் அவர் பரிசோதனைக்கும் ஒரே நாளில். எனக்கு முதல் விநாடிக் காற்று 2.1 லிட்டரிலிருந்து 2.25 ஆகியிருந்தது. 150 மில்லி, ஒரு காபி டம்ளர். கேட்க அற்பமாக இருக்கும், பலா மரத்தைத் தாண்டிப் போனவனுக்குத்தான் அதன் அளவு தெரியும். அடுத்து மாமியார். மூக்கில் கிளிப் மாட்டியதும் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊதாங்குழல் மாதிரிதாங்க அத்தை” என்றேன். ஊதினார். டெஸ்ட் எடுக்கும் பெண் “ஊதுங்கம்மா, விடாதீங்கம்மா” என்று சொல்லவே வேலை வைக்காமல் கடைசிச் சொட்டுவரை ஊதினார், முதல் தடவையே இவ்வளவு சரியாக யாரும் செய்வதில்லை என்றார் அந்தப் பெண். மருந்துக்குப் பிறகு அவருடைய எண் 58 சதவீதம்.

மாமனார் அன்று மாலை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை எஸ்டேட்டிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு, சமையலறைக் கூரையில் இரண்டு ஓடுகளை எடுக்கச் சொல்லிப் புகை போக வழி போட்டார். விறகு அடுப்பைப் பெயர்த்து வெளியே மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கொண்டுபோய் வைத்து, வெந்நீர் இனிமேல் தான் போடுவதாகச் சொன்னார். இரண்டாவது சிலிண்டருக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மாமியாருக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு மாட்டுகிற குடுவை, வைத்து இன்ஹேலர் இழுக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். காஸில் வைத்த குழம்பு ருசியே இல்லை என்று இப்போதும் தினம் சொல்கிறார். அம்மாயியின் அடுத்த திதிக்கு நாங்கள் இரண்டு பேரும் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம், பலா மரத்தடியில் ஒன்று, வளைவுக்கு மேலே பாறை இருக்கும் இடத்தில் ஒன்று.